கவச உடைக்குள் இருப்பவனின் நாடியை யார் பிடித்துப் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவ மருத்துவப் பிரிவில் 24 வருடம் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து, நாயப் சுபேதாராக ஓய்வுபெற்றவன் நான். இப்போது பட்டாபிராமில் இருக்கிறேன். தினமும் உங்கள் பத்திரிகையைக் கடைசிப் பக்கம் வரை படிப்பேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எழுத வைத்தவன் என் அக்கா மகன். மத்தியப் படை ஒன்றில் ரசாயன விபத்து மீட்புக் குழுவில் இருக்கிறான். எந்தப் படை, எந்த முகாம் என்று சொன்னால் அவனுக்குச் சங்கடம் வரும், விட்டுவிடுகிறேன். கத்திரி வெயில் நடுவில் மூன்று நாள் லீவில் வந்தான். வடசென்னையில் ஒரு தொழிற்சாலையில் வாயுக் கசிவு ஒத்திகையை முடித்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தவன், குளித்து, இரண்டு சொம்பு நீராகாரம் குடித்த பிறகுதான் வாயைத் திறந்தான். தலை முதல் கால் வரை மூடிய உடை, முகமூடி, முதுகில் காற்று சிலிண்டர், கைக்கு இரண்டு அடுக்குக் கையுறை. காற்றுகூடப் புகாதபடி மணிக்கட்டில் டேப்பைச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். காலை 11 மணிக்கு உள்ளே போய் அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார்களாம். "பூட்ஸைக் கழற்றிக் கவுத்தா தண்ணி மாதிரி கொட்டுது மாமா. அவ்வளவும் வேர்வை" என்றான்.

"உள்ள இருக்கும்போது உனக்கு எப்படி இருக்குன்னு யாரு பாத்தாங்க மாப்ள?" என்று கேட்டேன்.

மணிக்கட்டை நீட்டினான். நாடித் துடிப்பைக் காட்டும் வாட்ச். அவன் சொந்தக் காசில் வாங்கியது. சரி, இரண்டு கையுறைக்கும் டேப்புக்கும் அடியில் இருந்த வாட்சை நீ எப்படிப் பார்த்தாய் என்று கேட்டேன். வெளியே வந்த பிறகு போனில்தான் பார்த்தானாம். நாடி 178 வரை ஏறியிருந்தது. அது ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அவனுக்கும் தெரியாது, வெளியே நின்றுகொண்டிருந்த மருத்துவ உதவியாளருக்கும் தெரியாது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த உதவியாளரின் இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

2001 ஜூன் மாதம். வடமேற்கில் ஒரு பயிற்சி மைதானம். அணு, உயிரி, ரசாயனத் தாக்குதலுக்கான உடை போட்டுக்கொண்டு ஒரு பிளாட்டூன், அதாவது சிறு படைப்பிரிவு, நடந்து போகிறது. கரி அடுக்கு வைத்துத் தைத்த உடை, ரப்பர் பூட்ஸ், ரப்பர் கையுறை, முகமூடி. நான் தண்ணீர் டிரெய்லர் பக்கத்தில் மருந்துப் பையோடு நிற்கிறேன். அந்தப் பிளாட்டூனில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். வயது 22 இருக்கும். என்னைக் கடந்து போகும்போதெல்லாம் கையைக் காட்டிக் கேட்டேன், எப்படி இருக்கிறாய் என்று. மூன்று தடவையும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

நாங்கள் படித்த படிப்பெல்லாம் தொட்டுப் பார்க்கிற படிப்பு. நெற்றியில் கை வைத்துப் பார், மணிக்கட்டில் நாடி பிடி, தோல் ஈரமா, காய்ந்திருக்கிறதா பார், உதடு வெளுத்திருக்கிறதா பார். அந்த உடை போட்டவனிடம் இதில் எதையும் செய்ய முடியாது. முகமூடியின் கண்ணாடியில் உள்ளே ஆவி படிந்திருந்தது, அவன் கண்கூடச் சரியாகத் தெரியவில்லை. என்னிடம் மிச்சம் இருந்தது அவனுடைய கட்டைவிரல் ஒன்றுதான். அதை நம்பினேன்.

நாலாவது சுற்றில் அவன் வரிசையை விட்டு விலகி நடக்க ஆரம்பித்தான். பிளாட்டூனில் எல்லாரும் இந்தியில்தான் பேசுவோம். பக்கத்தில் ஓடிப்போனால் அவன் தமிழில் பேசிக்கொண்டிருந்தான். "அம்மா, மாட்டை அவுத்துட்டியா" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அடுத்த நிமிடம் முட்டி மடங்கி விழுந்தான். கத்தரிக்கோலால் உடையை வெட்டிப் பிரித்தபோது உள்ளிருந்து வந்த சூட்டை இன்றைக்கும் என் முகத்தில் உணர்கிறேன். சோற்றுப் பானை மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 41 டிகிரிக்கு மேல். இப்படிப்பட்ட நேரத்தில் அக்குளிலும் நெற்றியிலும் வைத்துப் பார்ப்பதை நம்ப முடியாது. டிரெய்லர் தண்ணீரைத் தார்ப்பாயில் தேக்கி அவனை அதில் கிடத்தினோம். முதலில் குளிரவை, அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்பதுதான் விதி. அரை மணி நேரத்துக்குள் 39 டிகிரிக்குக் கீழே இறக்கிவிட்டால் பிழைக்கிற வாய்ப்பு மிக அதிகம்.

பிழைத்தான். ஆனால் மூன்று நாளைக்கு சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போயிற்று. சூட்டில் தசை சிதைந்து அதிலுள்ள நிறமி சிறுநீரில் இறங்கினால் அப்படித்தான் போகும். பதினோரு நாள் படுக்கை. அதன்பிறகு நடந்ததைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன், நான் எழுத வந்ததே அதற்காகத்தான்.

இந்த உடை ஏன் ஆளை இப்படிச் செய்கிறது என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிற பையன்களுக்கு நான் மண்பானையை வைத்துத்தான் விளக்குவேன். பானை மேல் கசிகிற நீர் காற்றில் காய்வதால் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. அதே பானையை பாலிதீன் பையில் கட்டி வைத்தால் கசிவு நிற்காது, ஆனால் குளிர்ச்சி வராது. உடம்பும் அப்படித்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாகக் காய்ந்தால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். காயாமல் பூட்ஸுக்குள் வடிந்தால் தண்ணீர்ச் சத்துதான் போகும், சூடு போகாது. நாம் சாப்பிட்டதில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது, மற்றதெல்லாம் வெப்பம். சுமாரான கடின வேலையில் அந்த வெப்பம் வெளியே போக வழியே இல்லை என்றால், 70 கிலோ ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். நிஜத்தில் கொஞ்சம் வெளியேறத்தான் செய்யும், அதனால் இவ்வளவு வேகம் இருக்காது. இருந்தாலும் 37இல் தொடங்கி 40ஐத் தொட ரொம்ப நேரம் தேவையில்லை.

2020இல் கொரோனா வார்டுகளில் கவச உடை போட்ட நர்சுகளும் டாக்டர்களும் இதை அனுபவித்தார்கள். என் மைத்துனி மகள் ஆறு மணி நேரம் அந்த உடையில் இருந்துவிட்டு, கழற்றுகிற அறையிலேயே சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் வேலை பார்த்தது மின்விசிறி இருந்த கூடத்தில். வெட்டவெளியில் சிலிண்டரைச் சுமந்துகொண்டு ஆளையும் தூக்க வேண்டியவனுக்கு எப்படி இருக்கும்?

நம் சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் இதில் எமன். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம், அந்த எண் மட்டும் போதாது. அமெரிக்காவில் பாரிஸ் தீவில் இருக்கும் மரைன் படைப் பயிற்சி முகாமில் வெப்பத்தில் பலர் விழுந்ததால், 1950களில் ஒரு அளவு முறையைக் கண்டுபிடித்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கருப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவில் பத்தில் இரண்டு பங்கு, நிழலில் வைத்த சாதாரண வெப்பமானியின் அளவில் பத்தில் ஒரு பங்கு. மூன்றையும் கூட்ட வேண்டும். ஈரத்துணிக்கு அவ்வளவு பங்கு கொடுத்ததற்குக் காரணம், வியர்வை காயுமா காயாதா என்பதை அதுதான் சொல்லும். ஒரு மே மாத மதியத்தில் ஈரத்துணி 28, உருண்டை 45, நிழல் 37 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் 32.3 வரும். அமெரிக்க ராணுவ முகாம்களில் 32.2ஐத் தாண்டினாலே கருப்புக் கொடி ஏற்றிவிடுவார்கள், கடினப் பயிற்சியெல்லாம் நிற்கும். ரசாயனக் கவச உடை போட்டுக்கொண்டு கடின வேலை செய்தால் இந்த எண்ணோடு இன்னும் 11 டிகிரி கூட்டிக்கொள்ளச் சொல்கிறது அவர்களுடைய கையேடு. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வந்துவிட்டால் எண்ணூரில் இருப்பவனுக்கு ஆசுவாசமாக இருக்கும், ஆனால் ஈரப்பதமும் சேர்ந்தே வரும். எங்கள் பட்டாபிராமுக்கு அந்தக் காற்று வந்து சேரவே சாயங்காலம் ஆகிவிடும்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்க வந்த கூட்டத்தில் ஐந்து பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் எல்லாம் சாதாரண உடையில் வந்தவர்கள்.

அப்படியானால் உடைக்குள் இருப்பவனின் நிலையை எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு வழி வந்து வருடங்கள் ஆகிவிட்டன. 1980களில் நாசாவும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகமும் விழுங்குகிற வெப்பமானி மாத்திரையைச் செய்தார்கள். 1998இல் 77 வயதில் விண்வெளிக்குப் போன ஜான் கிளென் அதை விழுங்கினார். உள்ளே போய் வெப்பத்தை வானொலி அலையில் அனுப்பும், ஓரிரு நாளில் வெளியேறிவிடும். துல்லியமானதுதான், ஆனால் விலை அதிகம். வயிற்றில் இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் குடித்தால் எண் இறங்கிப் பொய் சொல்லும். ஒரு படைப்பிரிவு முழுவதுக்கும் தினமும் கொடுக்க முடியாது.

அதனால் நேட்டிக் என்ற ஊரில் இருக்கும் அமெரிக்க ராணுவச் சுற்றுச்சூழல் மருத்துவ ஆய்வு நிலையத்தில் வேறு வழியில் யோசித்தார்கள். மார்பில் ஒரு பட்டை கட்டினால் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் கிடைக்கும். அந்தத் துடிப்பு ஏறி இறங்குகிற போக்கைத் தொடர்ந்து பார்த்தே உள் வெப்பத்தைக் கணக்கிட ஒரு முறையை 2013இல் வெளியிட்டார்கள். பாதுகாப்பு உடை போட்ட மீட்புப் பணியாளர்களுக்கு அது பொருந்துகிறதா என்று சோதித்து 2015இல் எழுதினார்கள். ரசாயன விபத்துக்கு ஓடுகிற அவர்களுடைய தேசியக் காவல்படைக் குழுக்கள் இந்த மாதிரிப் பட்டையைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்திருக்கின்றன. உடைக்குள் இருப்பவனின் நாடியும் கணக்கிட்ட வெப்பமும் வெளியே கூடாரத்தில் இருக்கிற மருத்துவ உதவியாளரின் திரையில் வரும். நாடியையும் வெப்பத்தையும் சேர்த்து 0 முதல் 10 வரை ஒரே எண்ணாகச் சொல்கிற அளவுகோலை இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் 1998லேயே கொடுத்துவிட்டார்கள். படிப்பறிவு குறைந்தவன்கூட அதைப் பார்த்து ஆளை வெளியே கூப்பிடலாம்.

இதில் குறையும் இருக்கிறது. கணக்கிட்ட வெப்பம் சராசரியில் சரியாக வந்தாலும் ஒரு ஆளுக்கு அரை டிகிரிக்கு மேல்கூட விலகலாம். மணிக்கட்டில் வெளிச்சத்தால் நாடி பார்க்கிற வாட்ச், கை ஆடும்போதும் இறுக்கமான கையுறைக்கு அடியிலும் தடுமாறும். மார்புப் பட்டை அதைவிட நம்பகமானது. மாப்பிள்ளையின் 178ஐ நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் 160ஆகவே இருந்தாலும் எனக்கு அது அந்த நேரத்தில் தெரிந்திருக்க வேண்டும், வீட்டுக்கு வந்தபின் அல்ல.

இன்னொரு விஷயத்தையும் யோசிக்க வேண்டும். பயிற்சியில் நான் கத்தரிக்கோலால் உடையை வெட்டினேன். நிஜமான ரசாயனக் கசிவில் அப்படி வெட்ட முடியாது. முதலில் உடையை வெளிப்புறமாகக் கழுவி நஞ்சை அகற்ற வேண்டும், அப்புறம்தான் கழற்ற வேண்டும். விழுந்தவனைத் தூக்கி வந்து, கழுவி, கழற்றித் தண்ணீரில் போடுவதற்குள் அந்த அரை மணி நேரம் போய்விடும். அதனால்தான் அவன் விழுவதற்கு முன்னாலேயே நமக்குத் தெரிய வேண்டும் என்கிறேன்.

இப்போது அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனின் மெடிக்கல் கேட்டகரியை இறக்கிவிட்டார்கள். ராணுவத்தில் ஷேப்-1 என்றால் முழுத் தகுதி. அதிலிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்று எந்த ஜவானைக் கேட்டாலும் சொல்வான். பிரமோஷன் தள்ளிப்போகும், விரும்பிய போஸ்டிங் கிடைக்காது. கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவன் ஸ்டோரில் கம்பளி எண்ணிக்கொண்டிருந்தான். மருத்துவர்கள் செய்தது அவன் நன்மைக்குத்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பிளாட்டூனில் இருந்த மற்றவர்கள் அதைப் பார்த்து ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த வருடப் பயிற்சியில் ஒருவன் தலைசுற்றி வாந்தி எடுத்திருக்கிறான், முகமூடிக்குள்ளேயே விழுங்கியிருக்கிறான். ஆறு மாதம் கழித்து, ரயிலில் சேர்ந்து ஊருக்குப் போகும்போதுதான் என்னிடம் சொன்னான். "சொல்லியிருந்தா என்னையும் கம்பளி எண்ண விட்டிருப்பீங்க உஸ்தாத்."

கருவி வாங்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. பட்டையில் வருகிற எண் மேலதிகாரியின் மேஜைக்கும், வருடாந்தர மருத்துவ அறிக்கைக்கும், பிரமோஷன் பைலுக்கும் போகும் என்று தெரிந்தால், பையன்கள் அதைத் தளர்த்திக் கட்டுவார்கள், இல்லாவிட்டால் நண்பன் மார்பில் கட்டி அனுப்புவார்கள். நான் அவர்களோடு 24 வருடம் சாப்பிட்டுத் தூங்கியவன், நிச்சயமாகச் செய்வார்கள். எனவே அந்த எண்ணை மருத்துவ உதவியாளரும், உடைக்குள் கூட இருக்கிற ஜோடிக்காரனும், அந்தப் பணியின் பொறுப்பாளரும் மட்டும் பார்க்க வேண்டும். அன்றைய வேலைக்கு மட்டுமே அது பயன்பட வேண்டும். உள்ளே இருந்து சரியான நேரத்தில் வெளியே அழைக்கப்பட்டவனின் பதிவேட்டில் அதைக் காரணம் காட்டி ஒரு எழுத்துகூட ஏறக் கூடாது. இதைக் கருவி வருவதற்கு முன்னாலேயே உத்தரவாக எழுதி, இந்தியிலும் அவரவர் மொழியிலும் படித்துக்காட்ட வேண்டும்.

கூடவே, "வெளியே வா" என்று சொல்கிற அதிகாரம் மருத்துவ உதவியாளருக்கு இருக்க வேண்டும். 2001இல் நான் சந்தேகப்பட்டிருந்தாலும் பயிற்சியை நிறுத்த எனக்கு உரிமை இல்லை. அப்போது நான் ஹவில்தார்தான். ஹவில்தாரின் சந்தேகத்துக்கு யார் பிளாட்டூனை நிறுத்துவார்கள்? திரையில் எண் சிவப்பாகிவிட்டால், அங்கே நிற்பவன் சிப்பாயாக இருந்தாலும் அவன் வார்த்தைதான் கடைசி வார்த்தை என்று இருக்க வேண்டும்.

வெளிநாட்டுச் செயலிகளில் இந்தத் தகவலை ஏற்றவும் கூடாது. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்களை வைத்தே பாலைவன நடுவில் இருந்த ராணுவத் தளங்கள் தெரிவது 2018 ஜனவரியில் அம்பலமானது. மாப்பிள்ளையின் வாட்சும் அந்த வகைதான். அதைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் நம்மால் முடியாத காரியம் இல்லை. வீரர்களின் உடலியலையே ஆராய டெல்லியில் நம் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் டிபாஸ் ஆய்வகம் இருக்கிறது. உயிரியல் மருத்துவக் கருவிகள் செய்ய பெங்களூரில் அதே அமைப்பின் டெபெல் ஆய்வகம் இருக்கிறது. சென்னையை எடுத்துக்கொண்டால், ராணுவ உடை தைக்கிற தொழிற்சாலை ஆவடியில் 1961 முதல் இருக்கிறது. தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் மருத்துவக் கருவிகளையே வேலையாகச் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ரசாயன, கதிரியக்க விபத்துகளுக்குப் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. இந்த மூன்று பேரும் ஒரு மின்சார ரயில் தூரத்தில்தான் இருக்கிறார்கள். மார்புப் பட்டையை இந்தப் புழுக்கத்தில், நம் ஊர்ப் பையன்கள் மேல், நம் ஊர் உடைக்குள் வைத்துச் சோதிக்க வேண்டும். நேட்டிக்கில் சரியாக வந்த கணக்கு மணலியில் சரியாக வருமா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2023 டிசம்பரில் எண்ணூரில் கடலுக்கடியில் போகிற குழாயில் அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். நல்லவேளை, அது டிசம்பர், அதுவும் ராத்திரி. அதே கசிவு மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு நடந்தால், மக்கள் ஓடி வருகிற திசைக்கு எதிர்த்திசையில் உடையை மாட்டிக்கொண்டு போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். ராணுவ வீரரானாலும், மீட்புப் படையானாலும், தீயணைப்பு வீரரானாலும், 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள கவசத்தோடு வெடிகுண்டை நோக்கி நடக்கிற போலீஸ்காரரானாலும் உடம்பு ஒன்றுதான். பட்டை எல்லாருக்கும் வேண்டும்.

கருவி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஈரத்துணி வெப்பமானிக்குப் பெரிய செலவில்லை. ஒத்திகையை விடியற்காலைக்கு மாற்றலாம். கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தொட்டியில் தண்ணீரும் எண்ணூர் மீன் சந்தையிலிருந்து நாலு கூடை ஐஸும் வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது என் பழைய ஈரத்துணி வெப்பமானியைத் துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன். அவன் குழுவின் மருத்துவ உதவியாளரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், எந்தப் படையாக இருந்தாலும் சரி, நான் வருகிறேன். காலை முதல் ரயிலுக்கே வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாயப் சுபேதார்,
ராணுவ மருத்துவப் பிரிவு,
பட்டாபிராம், சென்னை - 72.